தேருக்கு வழி உண்டு, ஆளுக்கு?

சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஓர் அதிசயம் நிகழ்கிறது. அதிசயம் என்றதும், அரியும் அரனும் ஓருருவாகிக் காட்சி தந்த கதையைத்தான் சொல்ல வருகிறோம் என்று பக்தர்கள் மகிழ வேண்டாம். தோழர்கள் பதறவும் வேண்டாம். நாம் குறிப்பிடும் அதிசயம் புராணத்திலே இல்லை, தெருவிலே இருக்கிறது. ஆடித் தபசு வருகிறது என்றதும் அந்த ஊரின் ரத வீதிகள் காலியாகின்றன!

ஆம், காலியாகின்றன! நேற்றுவரை வீதியோரத்தை அடைத்து நின்ற கார்கள் மறைகின்றன. லாரிகள் வேறு வழியே திருப்பப்படுகின்றன. பஸ்கள் ஊரின் விளிம்பிலேயே நின்று கொள்கின்றன. குழிகள் நிரம்புகின்றன. தேர் வரும் நேரத்திற்கு மின்சாரம் நிற்கிறது, கம்பிகள் விலகுகின்றன. மாவட்ட ஆட்சியரகம் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறது. காவல்துறை சவுக்குக் கம்புகளைக் கட்டி வழி வகுக்கிறது. தெற்கு ரத வீதியிலே மக்கள் வெள்ளம்! இலட்சக்கணக்கானவர் வருகிறார்கள்; அத்தனை பேரும் நடந்தே வருகிறார்கள். கைக்குழந்தையை இடுப்பிலே வைத்த தாய், கோலூன்றிய கிழவர், தூக்குவாளியுடன் கிராமத்துப் பெண் என எல்லோரும் நடுத்தெருவில் அச்சமின்றி நிற்கிறார்கள்.

மறுநாளோ கம்புகள் அவிழ்கின்றன, கார் திரும்புகிறது, லாரி திரும்புகிறது, ஒலிப்பான் திரும்புகிறது. நேற்று நடுத்தெருவில் நின்ற அதே தாய், இன்று கடைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள சாண் இடைவெளியிலே, ஒரு கால் சாக்கடை மூடியின்மேல், ஒரு கால் தார் விளிம்பின்மேல் வைத்து, பின்னாலிருந்து வரும் ஒலிப்பானுக்கு அஞ்சி அஞ்சி நடக்கிறாள்.

நாம் கேட்பது இதுதான். மரத்தால் செய்த தேர் ஒன்று ஆண்டில் சில நாள் உருண்டு செல்ல அவ்வளவு வழி விடத் தெரிந்த ஊருக்கு, எலும்பும் தசையுமான மனிதர் ஆண்டு முழுதும் நடந்து செல்ல இரண்டு முழம் வழி விடத் தெரியாதா?

“தெரு என்றால் நெரிசல் இருக்கத்தான் செய்யும், காலம் அப்படி” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. காலத்தின்மேல் பழி போடுவது, விதியின்மேல் பழி போடுவதற்குத் தம்பி முறை. பழைய வைதீகன் தலையெழுத்து என்றான். புதிய வைதீகன் போக்குவரத்து என்கிறான். இருவரும் சொல்வது ஒன்றையே: ‘நீ ஒதுங்கிப் போ!’

ஒதுங்கிப் போ என்ற சொல்லை நம் நாட்டுத் தெருக்கள் இன்றா முதன்முதலாகக் கேட்கின்றன? சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியில் இருக்கிறது கழுகுமலை. அங்கே தேர் வீதியில் ஊர்வலம் போக நாடார் மக்களுக்கு உரிமை உண்டா இல்லையா என்பது 19ஆம் நூற்றாண்டின் பெருவழக்கு. தேர் வீதி பொதுத்தெரு அன்று, கோவிலைச் சேர்ந்தது என்று வாதிட்டார்கள். 1895இல் தேர்த் திருவிழாவிலே கலகம் மூண்டது, குருதி சிந்திற்று, உயிர்கள் போயின. ஒரு தெருவில் நடப்பதற்காக! 1924இல் வைக்கத்திலே கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெரியார் சென்றார், சிறைப்பட்டார், மீண்டும் சிறைப்பட்டார். 1925 இறுதியிலேதான் அந்தத் தெருக்களில் பெரும்பகுதி திறந்தன. அதே 1924இல், சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது: பொதுத்தெருவும் பொதுக்கிணறும் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளிட்ட எல்லோருக்கும் உரியவை என்று.

சாதித் தடையும் வண்டித் தடையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஒன்று மானத்தைப் பறித்த கொடுமை. பிறப்பின் பெயரால் செய்த இழிவு. அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்று. தெரு யாருக்கு? அன்று அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் குருதியும் சிறையும் கொடுத்துப் பெற்ற விடை, ‘நடக்கிற எவனுக்கும்’ என்பது. அந்த விடையை இன்று இரும்பும் பெட்ரோலும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றன. நாமோ பார்த்துக்கொண்டு நிற்கிறோம், தெருவைக் கடக்க முடியாமல்!

நடப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விசைத்தறிக் கூடத்திற்கு முறை மாற்றப் போகிற தொழிலாளி. விடியுமுன் மல்லிகைக் கூடையோடு பூச்சந்தைக்கு வருகிற பெண். பள்ளிக்குச் செல்லும் சிறுமி. ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர். மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணி. காரிலே வருபவரும், கார்க் கதவைத் திறந்து கால் கீழே வைத்த நொடியிலிருந்து நடப்பவரே. ஆனால் தெருவை வரைகிறவர் மேசையில் இவர்களுக்கு மட்டும் கோடு இல்லை!

விளைவு என்ன? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர்; அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டுகிறது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகள் விழுங்கிய உயிர்கள் 17,884. போரிலே இத்தனை பேர் மாண்டால் நாடு துக்கம் காக்கும். தெருவிலே மாண்டால் ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. எமன் கயிறு வீசினான் என்று பாமரன் சொன்னால் சிரிக்கிறோம். ‘விபத்து’ என்று படித்தவன் சொல்லும்போது மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல் படித்த எந்த மாணவனும் இதிலுள்ள கணக்கைச் சொல்லுவான். வண்டியின் வேகம் இருமடங்கானால் அதன் மோதல் ஆற்றல் நான்கு மடங்காகும். தடையை அழுத்திய பின் வண்டி உருளும் தொலைவும் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தவன் முன்னே குழந்தை ஓடினால் குழந்தை பிழைக்க வழியுண்டு. 60இல் வந்தவன் முன்னே ஓடினால் பெற்றவள் வேண்டுதலும் காப்பாற்றாது, ஓட்டுநர் கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழமும் காப்பாற்றாது. ஊர் நடுவே வேகத்தை 30க்குள் அடக்குவது கருணையல்ல, கணக்கு. அதையும் பலகை எழுதி அடக்க முடியாது. பலகையை எவன் படிக்கிறான்? சாலையின் உருவமே அடக்க வேண்டும். நேராக, அகலமாக, வழவழப்பாக இட்ட சாலை ஓட்டுநரிடம் ‘பற’ என்கிறது. நடைபாதையின் உயரத்திற்கே எழுந்து நிற்கும் கடவையும், மரமும், வளைவும் ‘மெல்ல’ என்கின்றன. ஓட்டுநர் கேட்பது தெருவின் பேச்சைத்தான்.

சங்கரன்கோவிலின் கடைவீதிக்கு இடர் இரட்டிப்பு. திருநெல்வேலியிலிருந்து இராசபாளையம் செல்லும் மாநில நெடுஞ்சாலை ஊருக்குள் புகுகிறது. கோவில்பட்டிச் சாலையும் புளியங்குடிச் சாலையும் வந்து கலக்கின்றன. தொலைதூரம் போகும் லாரிக்கு அது கடந்து போக வேண்டிய ஒரு தொல்லை. ஊராருக்கோ அது வாழ்கிற இடம். ஒரே தெரு, ஒருவனுக்குக் குழாய், மற்றவனுக்குத் திண்ணை! கோவிலின் தலக்கதையிலே சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள் உன் கடவுள் பெரிதா என் கடவுள் பெரிதா என்று சண்டையிட்டார்களாம். அந்தச் சண்டை இன்றும் தீரவில்லை. உன் லாரி பெரிதா, என் பஸ் பெரிதா என்று நடுவீதியிலே நடக்கிறது. நசுங்குவது நடுவே நிற்கிறவன்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஐந்து விரல்கள் ஐந்து பக்கம் நீளுகின்றன. தார்ப்பரப்பு நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. சாக்கடை நகராட்சியைச் சேர்ந்தது. நடைபாதை நடுவே நிற்கும் கம்பமும் மின்மாற்றியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. குறுக்கே நிற்கும் வண்டி காவல்துறை கவனிக்க வேண்டியது. கோவில் வாசல் அறநிலையத் துறையின் எல்லை. மனிதன் யாரைச் சேர்ந்தவன்? அவனுக்குத் துறை இல்லை!

“இத்தனை துறைகளையும் ஒரு மேசையிலே உட்கார வைக்க முடியுமா?” என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஏன் முடியாது? ஆடித் தபசுக்கு முன் ஆலோசனைக் கூட்டம் என்ற பெயரில் உட்காருகிறார்களே! யார் எந்தக் குழியை மூடுவது, யார் எந்தக் கம்பியைத் தூக்குவது, எந்த வண்டி எவ்வழி போவது என்று ஒரே நாளில் முடிவாகிறதே! தேர் என்றால் கூடுகிற துறைகள், ஆள் என்றால் சிதறுகின்றன. முடியாமை அன்று இது, மனமில்லாமை.

சரி, என்ன செய்யலாம் என்று வந்தால், முதலில் எழும் கூச்சல் “சாலையை அகலப்படுத்து!” என்பது. அதற்கு எளிய வழியாக அவர்கள் காண்பது யாரை? ஓரத்திலே உட்கார்ந்திருக்கும் பூக்காரியை, வெள்ளரிக்காய் விற்பவரை, செருப்புத் தைப்பவரை. இவர்களை விரட்டு, இடம் கிடைக்கும், வண்டி ஓடும் என்கிறார்கள். ஓடுமா? பந்தியை நீட்டினால் இலைக்கு ஆள் குறைவதில்லை; கூடத்தான் செய்கிறது. விரிந்த இடத்திலே நாளை இன்னும் இரண்டு வரிசைக் கார் நிற்கும். ஒரு கார் நிற்பதற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் வேண்டும். ஒரு பூக்கூடைக்கும் அதன் பின்னே உட்கார்ந்தவளுக்கும் ஒரு சதுர மீட்டர் போதும். கூடைக்காரியிடம் தரைக் காசு வசூலிக்கும் ஊர்கள், பொதுநிலத்திலே காலைமுதல் இரவுவரை காரை நிறுத்தியவரிடம் காலணா கேட்பதில்லை! ஒரு சதுர மீட்டருக்கு வாடகை, பன்னிரண்டு சதுர மீட்டருக்கு வணக்கம்!

விரட்டுவோருக்கு ஒன்று நினைவூட்டுவோம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் நாட்டிலே இருக்கிறது. கணக்கெடுத்து முடிக்காமல் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. ஊர்தோறும் குழு அமைக்க வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது இடத்திற்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றிலொரு பங்கு பெண்கள் என்கிறது. ஒழுங்காக இடம் குறித்துக் கொடுத்தால் பூக்காரி நடைபாதைக்குப் பகையல்ல, காவல். அவள் உட்கார்ந்திருக்கும் தெருவிலே இரவு எட்டு மணிக்கும் பெண்கள் துணிந்து நடப்பார்கள்.

பெரிய கடைக்காரர்களின் அச்சம் வேறு. வாசலில் வண்டி நிற்காவிட்டால் வாணிகம் படுத்துவிடும் என்கிறார்கள். அவர்களைப் பழிக்க நாம் விரும்பவில்லை. முதல் போட்டவனுக்கு அச்சம் இயல்பு. ஆனால் ஒரே ஒரு நாள், கடை வாசலில் நிற்கும் வண்டிகள் யாருடையவை என்று எண்ணிப் பார்க்கட்டும். வாங்க வந்தவருடையவை எத்தனை, முதலாளியும் சிப்பந்தியும் கொண்டுவந்து காலையிலே நிறுத்தியவை எத்தனை? உலகிலும் இந்த அச்சம் புதிதன்று. 1962இல் டென்மார்க்கின் கோபன்கேகனில் ஸ்ட்ரோகெட் என்ற முதன்மைக் கடைத்தெருவிலே வண்டிகளை நிறுத்தியபோது, குளிர்நாட்டிலே எவன் தெருவில் உலாவப் போகிறான் என்று வணிகர்கள் கேலி பேசினார்கள். இன்று அது உலகமே சென்று பார்க்கும் கடைத்தெரு. பிரேசிலின் குரிடிபாவிலே, 1972இல், நகரத் தலைவராயிருந்த ஜெய்மே லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி மூன்றே நாளில் முதன்மைத் தெருவைக் கல்பாவி நடைவழியாக்கினார். வழக்குப் போட வந்தவர்கள் வருமுன் வேலை முடிந்திருந்தது! எதிர்த்து வண்டி ஓட்டி வருவோம் என்று மிரட்டியவர்கள் வந்து பார்த்தபோது, தெருவிலே குழந்தைகள் உட்கார்ந்து தாளில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெருநகரங்களின் கதை நமக்கெதற்கு என்பார் உண்டு. ஸ்பெயினில் பொந்தெவேத்ரா என்ற ஊர் எண்பதாயிரத்துச் சொச்சம் மக்களைக் கொண்டது. சங்கரன்கோவிலோ ஐம்பதாயிரத்தைத் தாண்டிய ஊர். வண்டி நெரிசலில் மூச்சுத் திணறிய அந்த ஊருக்கு 1999இல் ஒரு மருத்துவர் மேயரானார். பழைய நகரப் பகுதியிலே கடந்து போகும் வண்டிகளை அறவே நீக்கினார்; பிற தெருக்களில் வேகத்தை ஒடுக்கினார். நோயாளியும் சரக்கும் குடியிருப்போரும் உள்ளே வரத் தடையில்லை. குறுக்கு வழியாகப் பாய்ந்து போக மட்டுமே தடை. ஊர் மக்கள் அவரைத் துரத்தவில்லை; தேர்தலுக்குத் தேர்தல் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்கு போய்விடும் என்று நடுங்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நம் நாட்டிலேயும் உண்டு. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பசாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைவழி திறக்கப்பட்டது. அந்தப் பாண்டி யார் தெரியுமா தோழர்களே? 1929இல் செங்கற்பட்டு முதல் சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார்! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமத்தைப் பறிப்பேன் என்று உத்தரவிட்டு, பயணத்திலே புகுந்த தீண்டாமையை விரட்டியவர். அவர் பெயர் தாங்கிய தெருவிலே நடப்பவனுக்கு இடம் கிடைத்தது பொருத்தமே. பளபளக்கும் கல்லும் வண்ண விளக்கும் பெருநகரத்தோடு போகட்டும். அவற்றை நாம் கேட்கவில்லை. அங்கே கிடைத்த அகலம் இங்கேயும் வேண்டும் என்கிறோம்.

எவ்வளவு அகலம்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நெறிமுறை, தடையேதுமின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. ஒரு கம்பமோ படிக்கட்டோ பலகையோ குறுக்கிடாத 1.8 மீட்டர். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் ஒன்றையொன்று கடந்து செல்லும் அளவு அது. தேர் ஓடும் வீதிகள் இயல்பிலேயே அகலமானவை; அங்கே இடமில்லை என்று சொல்ல நா எழக்கூடாது. தேர் போக இடைஞ்சல் என்பார்களானால் அதற்கும் வழியுண்டு. நடைபாதையை உயர்த்தாமல் தெருவின் மட்டத்திலேயே வேறு நிறக் கல் பாவி, கழற்றி மாட்டும் குறுந்தூண்களை நட்டால், தேர் நாளில் தூண்களைக் கழற்றிவிடலாம். தேரை நிறுத்துவது நம் நோக்கமன்று. நான்கு வீதிகளையும் ஒருவழியாகச் சுற்றவிட்டால் வண்டிக்கு ஒரு தடம் போதும். மிச்சம் நடப்போருக்கும், நிழலுக்கும், பூக்காரிக்கும். சரக்கு இறக்கக் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் நேரம் குறிக்கலாம். நெடுஞ்சாலைப் பகுதியிலே பஸ் நிலையம், பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகியவற்றின் எதிரே உயர்த்திய கடவைகள் வேண்டும். கந்தக பூமிக்கு அண்டை நாடு, வெயில் தலையைப் பிளக்கும் சீமை; வேம்பும் புங்கமும் இல்லாத நடைபாதை மதியத்திலே ஒரு தோசைக்கல். பெண்கள் ஒதுங்கக் கழிப்பிடம், முதியோர் உட்காரக் கல்மேடை ஆகியவற்றை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே!

இது இரந்து பெறும் சலுகையும் அன்று. 2025 மே திங்களில் உச்சநீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க வகையில் அமைக்க மாநிலங்களைப் பணித்தது. சட்டம் வந்துவிட்டது; சங்கரன்கோவிலுக்குப் பஸ் கிடைக்கவில்லை போலும்!

இனி, நம் பக்கம் திரும்புவோம். கோவிலைச் சாடும்போது கைதட்டிய தோழர்கள் இப்போதும் தட்டட்டும். பொதுத்தெருவிலே புதிதாகக் கோவிலோ மசூதியோ தேவாலயமோ எழக்கூடாது என்று 2009இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாம் மகிழ்ந்தோம். 2013இல் அதே மன்றம் பொதுச்சாலையில் சிலை வைக்க இசைவு தரலாகாது என்றது. அப்போது எத்தனை பேர் மகிழ்ந்தோம்? நடைபாதையை மறிக்கும் நடுகல் மூடநம்பிக்கை; அதே நடைபாதையை மறிக்கும் கொடிக்கம்பம் கொள்கையா? தெருவோரப் பிள்ளையாரைப் பார்த்துக் கேட்ட கேள்வியைத் தலைவர் பிறந்தநாள் வளைவைப் பார்த்துக் கேட்க நாவுக்கு ஏன் நடுக்கம்? 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையிலே, அண்ணாவின் பெயர் தாங்கிய கட்சியைச் சேர்ந்த ஒருவர் இல்லத் திருமணப் பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் பொறியாளர் சாய்ந்தார். பின்னால் வந்த லாரி அவர் உயிரைக் குடித்தது. பதாகையிலே சிரித்த முகங்கள் திராவிட இயக்கத்தின் பெயரைச் சொல்லிப் பதவிக்கு வந்த முகங்கள். தெருவைத் திறக்கச் சிறை சென்ற மரபு, தெருவை அடைக்கத் துணி கட்டுவதா?

ஆகவே சங்கரன்கோவில் வட்டாரத்து இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். கூட்டம் வேண்டாம், கொடி வேண்டாம், தலைவரும் வேண்டாம். ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, இரண்டு சுண்ணக்கட்டி. இந்த ஆண்டு ஆடித் தபசு முடிந்த மறுநாள் விடியற்காலை, காவலர் கட்டிய சவுக்குக் கம்புகளை அவிழ்க்குமுன், முதல் கார் வந்து நிற்குமுன் போய் நில்லுங்கள். நான்கு ரத வீதிகளிலும் சுவருக்குச் சுவர் அகலத்தை அளந்து எழுதுங்கள். இரு பக்கமும் 1.8 மீட்டருக்குச் சுண்ணக்கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்குள் எத்தனை கம்பம், எத்தனை படி, எத்தனை பலகை, எத்தனை கொடிக்கம்பம், எந்தக் கொடி என்பதையும் விடாமல் எண்ணி எழுதுங்கள். எழுதியதை நகராட்சி ஆணையரிடமும் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டு வாங்குங்கள். நம் கொடிக்கம்பம் அந்தக் கோட்டுக்குள் இருக்குமானால், மனுக் கொடுக்கப் போகுமுன்பே அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போங்கள்.